ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ்: கிருமி போகவே இல்லையா?

கேள்வி: எடையைக் குறைக்க எட்டு மாதங்களுக்கு முன், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்புறம் நெஞ்செரிச்சலும் ஓயாத ஏப்பமும் ஆரம்பித்தன. எண்டோஸ்கோபியில், இரைப்பையில் எச்.பைலோரி கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். 14 நாள் மாத்திரையை விடாமல் சாப்பிட்டேன். இரண்டு மாதம் கழித்து நானாகவே ரத்தப் பரிசோதனை செய்தால், பாசிட்டிவ்! எரிச்சலும் தீரவில்லை. அதே மாத்திரையை மறுபடி வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த ரத்தப் பரிசோதனை கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது. கிருமி ஒழிந்த பிறகும் அந்த எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க இந்த ரிப்போர்ட் உதவாது.

மல ஆன்டிஜென் பரிசோதனை கேளுங்கள்; அது கிருமியின் புரதம் மலத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. மூச்சுப் பரிசோதனையும் உண்டு. ஆனால் இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர்களை அது சில சமயம் ஏமாற்றிவிடும். எதுவானாலும் ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் நெகட்டிவ் என்று வரலாம். நிறுத்தும் முன் சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிருமி இன்னும் இருந்தாலும் அதே மாத்திரை உதவாது. முதல் முறை தப்பிய கிருமிக்கு அந்த ஆன்டிபயாடிக் பழகியிருக்கலாம். டாக்டர் வேறு கூட்டு மருந்து எழுதுவார்.

எனக்கென்னவோ உங்கள் எரிச்சலுக்குக் கிருமியைவிட ஆபரேஷன் மேல்தான் சந்தேகம். ஸ்லீவில் இரைப்பை ஒல்லியான குழாயாகிவிடுகிறது. உள்ளே அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறும். கிருமி செத்தாலும் இது நிற்காது. எப்போது என்ன தொந்தரவு வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். படுத்ததும் எரிகிறதா? அமிலம் ஏறுவதாக இருக்கலாம். இனிப்பு சாப்பிட்ட அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, பேதி என்றால் அது டம்பிங், அதாவது சாப்பிட்டது மளமளவெனக் குடலுக்குள் இறங்கிவிடுவதாக இருக்கலாம். சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகு வரை வலித்தால் பித்தப்பைக் கல்லா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். மளமளவென எடை குறைபவர்களுக்கு அது சகஜம். அந்தக் குறிப்போடு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் என்று நீங்களாகவே போட்டுக்கொள்ளாதீர்கள், இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரையும், இந்தக் கிருமிக்குத் தரும் பிஸ்மத் மருந்தும் மலத்தைக் கறுப்பாக்கும், பயமில்லை. ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி இரண்டு மூன்று நாளாக நிற்காவிட்டாலும் அப்படியே; பி1 வைட்டமின் தீர்ந்து நரம்பைப் பாதிக்கும்.