ஒரு நாள் கூட்டிப் பெருக்கினால் கேஸ் முடிந்துவிடுமா?

சமூக சேவைத் தண்டனை, அதாவது சிறைக்கோ அபராதத்துக்கோ பதில் சம்பளமில்லாமல் பொதுவேலை செய்யச் சொல்லும் தண்டனை பற்றி இந்த மாதம் நிறைய கடிதங்கள். பாதிப் பேர் எஃப்.ஐ.ஆர். பிரிவைக்கூட எழுதவில்லை. பிரிவு தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

கே: குடித்துவிட்டு பைக் ஓட்டி மாட்டினேன். அபராதத்துக்குப் பதில் சமூக சேவை கேட்கலாமா? (அம்பாசமுத்திரம்)

நீங்கள் கேள்விப்பட்டது பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 355-ஆம் பிரிவு, பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தவருக்கு. உங்கள் மேல் இருப்பது மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு, அதில் சமூக சேவை இல்லை. முதல் தடவை 10,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பாட் ஃபைனில் முடியாது, கோர்ட் ஏற வேண்டும்.

கே: தம்பி 12,000 ரூபாய் செல்போனைத் திருடிவிட்டான். திருப்பிக் கொடுத்தால் போதுமா? (வள்ளியூர்)

பொருளின் மதிப்பு 5,000-க்குக் கீழே, முதல் தண்டனை, பொருளோ பணமோ திரும்பியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் சமூக சேவை. 12,000 என்பது புதுசாக வாங்கிய விலையா, பழைய போனுக்கு இன்று கிடைக்கும் விலையா? வழக்கே அதில் நிற்கலாம், நீங்கள் எழுதவே இல்லை.

கே: எத்தனை மணி நேரம்? ஆள் அனுப்பலாமா? (களக்காடு)

மணிக்கணக்கு சட்டத்தில் இல்லை, மாஜிஸ்திரேட் உத்தரவில் இருக்கும். நகல் வாங்கிப் படியுங்கள். ஆள் அனுப்பக் கூடாது. சம்பளமும் கிடையாது. செய்யாவிட்டால் சிறை.

கே: மகன் பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுத் தகராறு. ஒப்புக்கொண்டால் சமூக சேவையோடு போய்விடும் என்கிறார்கள். போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறான். (நாங்குநேரி)

வக்கீலைப் பார்க்கும்வரை ஒப்புக்கொள்ள விடாதீர்கள்.

மரண தண்டனை, ஆயுள், சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம் என்று பி.என்.எஸ். 4-ஆம் பிரிவு தண்டனைகளை வரிசையாகச் சொல்கிறது. ஆறாவதாக நிற்பது சமூக சேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகுதான் அது வரும். இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் மறுபடி இதே கடிதம் வருகிறது.

போன வருடம் ஓர் அப்பா மஞ்சப்பையோடு வந்தார். பையன் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வளாகத்தைப் பெருக்கிவிட்டு வந்திருந்தான். "ஒத்துக்கிடு, ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்" என்று கோர்ட் வாசலில் யாரோ சொன்னார்களாம். உத்தரவு நகலை மேசையில் விரித்து விரல் வைத்து வாசித்தார். "குற்றவாளி எனத் தீர்மானித்து" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. நகலையே அன்றைக்குத்தான் வாங்கியிருந்தார். வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் தண்டனை உண்டா என்று கேட்டிருந்தார்கள். அதனால்தான் வந்தார்.

355-க்கு அதிகபட்சம் 24 மணி நேரச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். சின்னத் தண்டனைதான், ஆனால் பதிவு பதிவுதான். வழக்கை நடத்தலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அப்புறம், 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தையும் (எச்சரித்தோ, நன்னடத்தை உறுதி வாங்கியோ விடுவிக்க வழி தருவது) கேளுங்கள். அதன் 3, 4 பிரிவுகளில் விடுவித்தால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. சமூக சேவைக்கு அப்படி ஒரு பாதுகாப்பை பி.என்.எஸ். தரவில்லை. எது நடந்தாலும் படிவத்தில் வழக்கை மறைக்க வேண்டாம், நகலைப் பத்திரமாக வையுங்கள்.

கே: 17 வயது மகன் என் பைக்கை எடுத்துப் போய் மாட்டினான். சமூக சேவை அவனுக்கா, எனக்கா? (ராதாபுரம்)

அவனுக்கு வரலாம், சிறார் நீதிக் குழுமம் உத்தரவிட்டால். உங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ: 25,000 அபராதம், மூன்று வருடம் வரை சிறை. அவன் எடுத்தது தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.