விழா அப்புறம், முதலில் கணக்கு நோட்டு

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து பதிவு செய்து நடத்திய சங்கம் 2020-ல் கொரோனாவோடு நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்பே கட்டட நிதிக் கணக்கில் பொருளாளருக்கும் சிலருக்கும் தகராறு. பொருளாளர் இப்போது உயிரோடு இல்லை. "கொடி நாளன்று விழா எடுத்து, மேடையிலேயே புது நிர்வாகிகளை அறிவித்துவிடலாம்" என்கிறார்கள் சிலர். செயலாளராக என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? எங்கே தொடங்குவது?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள் ஐயா. ஆனால் மேடையில் வேண்டாம். படைவீரர் கொடி நாளான டிசம்பர் 7 எங்கும் போகாது, 1949-லிருந்து வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருக்கிறது. கணக்கு முடியாமல் பொன்னாடை போர்த்திக்கொண்டால், மறுநாளே "கட்டட நிதி என்னாச்சு?" என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு அப்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் வேலை பொருளாளர் வீட்டுக்குப் போவது. அன்றைய தகராறில் எந்தப் பக்கமும் சேராத இருவர் போகட்டும். பொருளாளர் வீட்டு அம்மாவிடம் "கணக்கு எங்கே" என்று கேட்க வேண்டாம். சங்கத்து நோட்டு, ரசீதுப் புத்தகம், பாஸ்புக், முத்திரை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு, வாங்கியதற்கு ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வரட்டும். இறந்தவர் எடுத்தாரா இல்லையா என்ற பேச்சு அந்த வாசலில் எழவே கூடாது. அப்புறம் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு நோட்டை ஒப்பிடுங்கள். ரசீது இல்லாத செலவை மழுப்பாமல் "ரசீது இல்லை" என்றே எழுதி, பொதுக்குழுவில் வாய்விட்டு வாசியுங்கள். அதை ஏற்பதா, மேலே விசாரிப்பதா என்பது பொதுக்குழுவின் முடிவு. ரங்கூன் வரை கடை வைத்துக் கணக்கு எழுதிய சீமை இது. இங்கே கணக்கு வாசிப்பதை யாரும் அவமானமாக நினைக்க மாட்டார்கள்.

சங்கத்தின் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் இத்தனை வருஷம் போயிருக்காது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி நிர்வாகக் குழுவின் காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. எனவே பழைய நிர்வாகிகள் யாருக்கும் இன்று பதவி இல்லை. பொதுக்குழுவை யார் கூட்டலாம் என்று துணைவிதியைப் பாருங்கள். அதில் தெளிவில்லை என்றால் பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய லெட்டர்பேடில் நீங்களாகவே அழைப்பு அனுப்பினால், பின்னால் வழக்குப் போட ஒருவருக்குக் காரணம் கிடைத்துவிடும்.

கணக்கை மீண்டும் இயக்க வங்கிக்குக் கடைசியில் போங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயலற்றதாக வைத்திருப்பார்கள். அதைத் திரும்ப இயக்கக் கட்டணம் கிடையாது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் பிடிக்கக் கூடாது. ஆனால் புதுக் கையெழுத்துக்காரர்களை ஏற்கத் தீர்மானமும் பதிவாளரிடம் தாக்கல் செய்த பட்டியலும் கேட்பார்கள். அதனால்தான் கணக்கு, பொதுக்குழு, தேர்தல், பதிவாளர், வங்கி என்ற வரிசை.

இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சங்கம் சும்மா இருக்க வேண்டியதில்லை, வேலை செய்யப் பதவி எதற்கு? நகரத்தார் கோயிலில் புள்ளி (குடும்பக் கணக்கு) எடுப்பதுபோல ஊர் ஊராகப் போய் ஆள் கணக்கு எடுங்கள். யார் இருக்கிறார், யார் போய்விட்டார், யார் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அப்படிப் போகும்போது, உங்களைத் தேடி வராத வீடுகள்தான் அதிகம் கண்ணில் படும். அவை பெரும்பாலும் கணவரை இழந்த பெண்களின் வீடுகள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வில் மனைவி பெயரே இல்லை என்று குடும்ப பென்ஷன் மாட்டிக்கொண்டிருக்கும். படைவீரர் பென்ஷனுக்கான ஆன்லைன் முறையான ஸ்பர்ஷ் வந்த பிறகு வருஷாந்தர வாழ்நாள் சான்று கொடுக்கத் தெரியாமல் பென்ஷன் நின்றுபோன தாத்தாக்களும் கிடைப்பார்கள். நவம்பரில் ஞாயிறு காலைகளில் ஒரு மேஜை, ஒரு ஸ்மார்ட்போன், ஆன்லைன் தெரிந்த ஒரு பேரன் இருந்தால் முகம் காட்டியே சான்றை முடித்துவிடலாம். பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு மனு எழுத, சர்வீஸில் கிளார்க் வேலை பார்த்த ஒருவரும் உங்களில் இல்லாமலா போவார்?

ஒரு சிக்கல் உண்டு. செட்டிநாடு ஒரே மாவட்டம் இல்லை. ராயவரம், கோனாப்பட்டு பக்கத்துக்காரர்கள் வந்தால் அவர்களுக்குப் புதுக்கோட்டை முன்னாள் படைவீரர் நல அலுவலகம். உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிவகங்கை. மனுவைத் தவறான மாவட்டத்தில் கொடுத்துவிட்டு அலையவிடாதீர்கள்.

துணைவிதியைத் திருத்தும்போது இரண்டு விஷயத்தைச் சேருங்கள். கைம்பெண்களை 'குடும்பத்தினர்' என்ற ஓரத்தில் வைக்காமல், ஓட்டுள்ள உறுப்பினர்களாக்குங்கள். இரண்டாவது அக்னிவீரர்கள். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருஷம் முடித்து வெளியே வருபவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. 'பென்ஷன் பெறும் படைவீரர்' என்று உங்கள் விதி சொன்னால், இளைஞர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பிறகு நாற்காலி இழுத்துப் போடக்கூட ஆள் இருக்காது.

சுபேதார் மேஜர் முன்வரிசை, சிப்பாய் பின்வரிசை என்ற பழக்கமும் வேண்டாம். ராணுவக் கேன்டீன் வரிசையில் எல்லாரும் சமமாகத்தானே நிற்கிறீர்கள்!

கட்டட நிதிக்கு சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் கேட்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். பழைய கணக்கைப் பொதுக்குழு ஏற்று, வங்கிக் கணக்கு இயங்கத் தொடங்கும் வரை ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். அதற்குள் யாராவது புது ரசீதுப் புத்தகம் அச்சடித்துக்கொண்டு வந்தால், செயலாளராகப் போகிறவர் என்ற முறையில் அதை வாங்கி உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.