ஒமாஹா வரை தாங்கும் கை
வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால்

கேள்வி: ஒரு கல்லூரி அணி சாம்பியன் ஆக எத்தனை கட்டம் தாண்ட வேண்டும்?

பதில்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் டிவிஷனை, அதாவது உச்சப் பிரிவை, வைத்துச் சொல்கிறோம். பிப்ரவரி நடுவில் சீசன் தொடங்கும். மே மாதத்துக்குள் ஓர் அணி அதிகபட்சம் 56 ஆட்டங்கள் ஆடலாம். அதன்பின் 64 அணிகள் தேர்வாகி, 16 ஊர்களில் ஊருக்கு நான்காக ரீஜினல் ஆடும். அதில் ஜெயித்த 16 அணிகள் சூப்பர் ரீஜினலில் ஜோடி ஜோடியாக மோதும். மூன்றில் இரண்டு ஆட்டம் வென்ற எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவுக்குப் போகும். காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் என்னும் இந்தக் கடைசிக் கட்டம் 1950-லிருந்து அந்த ஊரில்தான் நடக்கிறது. அங்கே மறுபடியும் நான்கு நான்காகப் பிரிந்து ஆடி, இரு பிரிவின் வெற்றியாளர்கள் மூன்று ஆட்ட இறுதியில் சந்திப்பார்கள். ஒன்றில்கூடத் தோற்காமல் போனால் 10 ஆட்டத்தில் கோப்பை. தடுக்கித் தடுக்கிப் போனால் 16 வரை ஆகும்.

கேள்வி: முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணி எப்படிக் கோப்பை வாங்குகிறது?

பதில்: ரீஜினலிலும் ஒமாஹாவின் பிரிவு ஆட்டங்களிலும் இரண்டாவது தோல்விதான் வெளியேற்றும். ஆனால் முதல் தோல்விக்கான விலை அதிகம். ரீஜினலில் தோற்காத அணிக்கு மூன்று வெற்றி போதும். முதல் நாள் தோற்ற அணியோ அடுத்த நான்கையும் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாளில் ஐந்து ஆட்டம். நல்ல பிட்சர் (பேட்டருக்குப் பந்து எறிபவர்) இரண்டு பேர் மட்டும் உள்ள அணி ஞாயிற்றுக்கிழமையே காலியாகிவிடும்.

ஒரேகான் ஸ்டேட் 2018-இல் ஒமாஹாவில் முதல் ஆட்டத்தை இழந்து, அடுத்த நான்கையும் வென்று இறுதிக்கு வந்தது. அங்கேயும் ஆர்கன்சாவிடம் முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவதில் கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸ், இரண்டு அவுட் (மூன்றானால் ஆட்டம் முடிந்தது), ஒரு ரன் பின்தங்கல். உயரே எழும்பிய ஃபவுல் பந்து (எல்லைக் கோட்டுக்கு வெளியே போனது) மூன்று ஃபீல்டர்களுக்கு நடுவே விழுந்தது. பிடித்திருந்தால் கோப்பை ஆர்கன்சாவுக்கு. பிழைத்த பேட்டர் அடுத்து சிங்கிள் அடித்துச் சமன் செய்ய, பின்னால் வந்தவர் ஹோம் ரன் (வேலிக்கு வெளியே போகும் அடி) அடித்தார். மறுநாள் ஒரேகான் ஸ்டேட் பிட்சர் கெவின் ஏபல் எதிரணிக்கு ஒரு ரன்னும் விடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். அந்தத் தொடரில் அது அவருடைய நான்காவது வெற்றி. எல்லோரும் பேசுவது நழுவிய கேட்சைப் பற்றித்தான். எங்கள் கணக்கில் பெரியது அந்த ஒன்பது இன்னிங்ஸ்.

கேள்வி: கிரிக்கெட்டில் ஒருவர் அடுத்தடுத்த நாள் பந்து வீசுகிறார். பிட்சருக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஓய்வு?

பதில்: கிரிக்கெட்டில் கையை மடக்கி எறிந்தால் நோ-பால். பேஸ்பாலில் வேகமே அந்த மடக்கு-நீட்டலில்தான் பிறக்கிறது. முழங்கையின் உட்புறத் தசைநார் அந்த இழுப்பை வாங்குகிறது. அது கிழிந்தால் 1974-இல் முதன்முதலாகச் செய்யப்பட்ட டாமி ஜான் அறுவைச் சிகிச்சை (கிழிந்த தசைநாருக்கு வேறொன்றைப் பொருத்துவது), பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ ஓய்வு.

19 முதல் 22 வயதினருக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு இது: 30 பிட்ச் (பேட்டருக்கு எறியும் ஒவ்வொரு பந்தும் ஒரு பிட்ச்) வரை மறுநாளே வீசலாம், 45 வரை ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு, 80 வரை மூன்று, 105 வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து. சீசனில் இது சிக்கலில்லை. வெள்ளி, சனி, ஞாயிறுக்கு நாளுக்கொரு ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர்), வார நடுவில் ஒரு புதுப் பையன் என்று ஓட்டிவிடலாம். கோப்பைக்கான ஆட்டங்கள் நெருக்கமாக வரும் ஜூனில்தான் இந்த அட்டவணை உடைகிறது. பலரும் செய்யும் பிழை: ஆறு ரன் முன்னிலையில் இருக்கும்போதும் முதல்தர பிட்சரை ஏழாம் இன்னிங்ஸ் வரை நிறுத்திவைப்பது. அங்கே செலவான 25 பிட்ச் மூன்று நாள் கழித்துத் தேவைப்படும்.

தோற்பதிலும் கணக்கு உண்டு. 2023 இறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 24–4 என்று ஃபுளோரிடாவிடம் நொறுங்கியது. மறுநாள் 18–4 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கியது. இருபது ரன்னில் தோற்றாலும் ஒரு தோல்விதான். ஆட்டம் கைவிட்டுப் போனபின் நல்ல கைகளை வீணாக்காமல் இருப்பதே புத்தி.

கேள்வி: 64 அணிகளில் தரவரிசையில் முதல் இடம் தரப்பட்ட அணிதானே ஜெயிக்க வேண்டும்?

பதில்: அப்படி முதல் இடத்திலிருந்து 1999-இல் மியாமி ஜெயித்தது. அடுத்து 2024-இல் டென்னசி. நடுவில் யாருமில்லை. மாறாக, தன் ரீஜினலிலேயே கடைசித் தரவரிசையில் இருந்த ஃபிரெஸ்னோ ஸ்டேட் 2008-இல் சாம்பியன்.

கேள்வி: கல்லூரிப் பேட் மட்டும் ஏன் ‘டிங்’ என்று ஒலிக்கிறது?

பதில்: உலோகம், அல்லது காம்போசிட் (இழையும் பிசினும் சேர்ந்த கலவை). உள்ளீடற்ற குழல் என்பதால் அந்த ஒலி. 2011 முதல் பந்து துள்ளும் அளவுக்கு வரம்பு வந்துவிட்டது. எடைக்கும் வரம்பு உண்டு: 33 அங்குல பேட் 30 அவுன்ஸுக்குக் குறையக் கூடாது. துள்ளல் வரம்பால் ஹோம் ரன் குறைந்தது. 2015-இல் தையல் தட்டையான பந்தைக் கொண்டுவந்தார்கள். காற்றின் இழுவை குறைந்து பந்து கொஞ்சம் தூரம் போகிறது.

கேள்வி: டிவியில் பார்ப்பவர் எதைக் குறித்துவைத்தால் அடுத்த ஆட்டத்தைக் கணிக்கலாம்?

பதில்: ஒரு தாளில் பிட்சர் பெயர், தேதி, பிட்ச் எண்ணிக்கை, மூன்று பத்தி போதும். நான்காவதாக, கடைசி இன்னிங்ஸில் அவருடைய வேகம் முதல் இன்னிங்ஸைவிட எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள். மணிக்கு இரண்டு மூன்று மைல் இறங்கி, பந்துகளும் மேலே மேலே போனால் அவர் களைத்துவிட்டார். புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் எறிந்து தயாராகும் இடம்) கையைச் சூடாக்கிக்கொண்டு களமிறங்காமல் உட்கார்ந்தவரையும் விடாதீர்கள். அந்தப் பந்துகள் ஸ்கோர்கார்டில் ஏறாது, கையில் ஏறும்.