மறைந்த ராக் கலைஞருக்காக நடந்த நினைவுக் கச்சேரிகளில் உங்கள் மனதில் நின்றது எது, ஏன்?

இந்தக் கேள்விக்குப் பத்தில் எட்டுப் பேர் குவீன் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி என்றுதான் சொல்வார்கள், சொல்வதில் தப்பும் இல்லை. 1992 ஏப்ரல் 20, லண்டன் வெம்ப்ளி மைதானம், 72,000 பேர். ஜார்ஜ் மைக்கேல் வந்து 'சம்படி டு லவ்' பாடிய அந்தச் சில நிமிடங்களுக்காகவே அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. ஆனாலும் என் ஓட்டு வேறு ஒன்றுக்கு. 2002 நவம்பர் 29 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஜார்ஜ் ஹாரிசனுக்காக நடந்த 'கான்சர்ட் ஃபார் ஜார்ஜ்'.

இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸ் நால்வரில் வயதில் இளையவர் ஜார்ஜ். 2001 நவம்பர் 29-ல் புற்றுநோயால் இறந்தபோது 58 வயது. சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில் இந்தக் கச்சேரி, நம் வழக்கில் சொன்னால் தலைத் திவசம். ஏற்பாடு செய்தவர்கள் மனைவி ஒலிவியாவும் மகன் தானியும், இசைப் பொறுப்பு நண்பரும் கிட்டார் கலைஞருமான எரிக் கிளாப்டனுடையது. வசூல் 1973-ல் ஜார்ஜே தொடங்கிய மெட்டீரியல் வேர்ல்டு அறக்கட்டளைக்குப் போனது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதன் டிவிடி முதன்முதலாக என் கைக்கு வந்தபோது தொடக்கத்தில் வந்த இந்திய இசைப் பகுதி முழுவதையும் ஓட்டித் தள்ளிவிட்டேன். எனக்குக் கிட்டார்தான் வேண்டியிருந்தது. மற்ற பீட்டில்ஸ்காரர்களான பால் மெக்கார்ட்னி எப்போது வருவார், ரிங்கோ எப்போது வருவார் என்று ஃபார்வர்டு பொத்தானிலேயே விரல் இருந்தது. பல வருடம் கழித்து ஒரு ராத்திரி, தூக்கம் வராமல், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன். 'அர்ப்பண்' என்ற படைப்பில் ஒரு குரல் எழுந்தது, எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓ.எஸ்.அருண்! பீட்டில்ஸ்காரருக்கு லண்டனில் திவசம், பாடுகிறவர் நம் கர்நாடக இசைப் பாடகர் ஓ.எஸ்.அருண், கூடவே அனுராதா கிருஷ்ணமூர்த்தி. இதைத்தான் இத்தனை வருடமும் கிட்டாருக்காகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அர்ப்பண் சிதார் மேதை ரவி சங்கர் இந்த நிகழ்ச்சிக்காகவே எழுதியது, ஏறக்குறைய 23 நிமிடம். அவருக்கு அப்போது 82 வயது, அன்றைக்கு சிதார் வாசிக்கவில்லை. மேடைக்கு வந்து, ஜார்ஜை இவ்வளவு நேசித்த நாமெல்லாம் கூடியிருக்கும்போது அவர் மட்டும் எப்படி வராமல் இருப்பார் என்கிற மாதிரி நாலு வார்த்தை பேசினார், அவ்வளவுதான். வாத்தியக் குழுவை நடத்தியது மகள் அனுஷ்கா, வயது 21. நம்மூர் வாத்தியங்களும் மேற்கத்திய இழை வாத்தியங்களும் கலந்த பெரிய கூட்டம், அதற்குள்ளே ஒரு இடத்தில் கிளாப்டன் அக்கூஸ்டிக் கிட்டாரோடு நுழைகிறார். அந்த இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். உலகமே கிட்டார் கடவுள் என்று கொண்டாடிய மனிதர், பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பையனைப்போல அனுஷ்காவின் கையசைவை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசிக்கிறார்.

அதற்கு முன்பு அனுஷ்கா சிதாரோடும் ஜார்ஜின் இசைக் கூட்டாளி ஜெஃப் லின் குரலோடும் 'தி இன்னர் லைட்' வருகிறது. 1968 ஜனவரியில் பம்பாயில் இந்தியக் கலைஞர்களை வைத்து ஜார்ஜ் ஒலிப்பதிவு செய்த பாட்டு அது. பீட்டில்ஸின் 'சிங்கிள்' இசைத்தட்டில் ஜார்ஜின் பாட்டு ஏறியது அதுதான் முதல் தடவை, அதுவும் பின்பக்கத்தில். அந்தக் குழுவில் அவர் நிலைமை அப்படித்தான் இருந்தது.

அடுத்து வருவதுதான் அநியாயம். இவ்வளவு பக்தியும் உருக்கமுமாக ஒரு பகுதி முடிந்த பிறகு மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழு மேடையேறி ஒரு பச்சையான பாட்டைப் பாடிவிட்டுத் திரும்பி நின்று, சபைக்குத் தங்கள் வெறும் பின்பக்கத்தைக் காட்டுகிறது. நினைவஞ்சலிக் கூட்டத்தில்! பிறகு 'லம்பர்ஜாக்' பாட்டு, அதில் பின்னால் கோரஸ் பாடும் கனடா போலீஸ்காரர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸ், எந்த அறிமுகமும் இல்லாமல் கூட்டத்தோடு கூட்டமாக. முதல் முறை பார்த்தபோது இது எதற்கு என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் கதை தெரிந்தது. இவர்களுடைய 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்திலிருந்து தயாரிப்பு நிறுவனம் கடைசி நேரத்தில் பின்வாங்கியபோது ஜார்ஜ் தன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, அந்தப் படத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாராம். உலகத்திலேயே அதிக விலை கொடுத்து வாங்கிய சினிமா டிக்கெட் என்று அவர்கள் கிண்டலடிப்பார்கள். ஒரே மனிதருக்குள் ஹரே கிருஷ்ணாவும் இருந்தது, இந்தப் பின்பக்கமும் இருந்தது. இரண்டில் எதையும் வெட்டாமல் மேடையில் வைத்த ஒலிவியாவுக்குத்தான் பாராட்டு.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். கல்லூரிக் காலத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பாட்டுக் கச்சேரி என்ற பெயரில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். எங்களில் பாடுகிறவன் பின்னாளில் ஒரு விபத்தில் போய்விட்டான். ஒரு வருடம் கழித்து அவனுக்காக ஒரு சின்ன நிகழ்ச்சி வைத்தோம், அதில் எல்லாரும் செய்த தப்பு, ஆளாளுக்கு அவனைப்போலவே பாடப் பார்த்தோம். அவன் இழுக்கிற இடத்தில் இழுத்து, அவன் சிரிக்கிற இடத்தில் சிரித்து. கேட்டவர்களுக்கு அவன் இல்லாததுதான் இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும். அவன் அம்மா பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார். அதிலிருந்து எந்த நினைவுக் கச்சேரியைப் பார்த்தாலும் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: போனவருடைய இடத்தை என்ன செய்கிறார்கள்?

ஃபிரெடி விஷயத்தில் அது பெரிய சிக்கல். மீதி மூன்று பேரும் மேடையில் இருக்க, நடுவில் ஒரு பாடகரின் இடம் காலி, அதை ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவர் வந்து நிரப்பியாக வேண்டும். ஜார்ஜ் மைக்கேலால் முடிந்தது, வேறு சிலர் திணறியது நன்றாகவே தெரியும், அவர்கள் மேல் குறையில்லை, ஃபிரெடி மாதிரி யாரால் பாட முடியும்? ஜார்ஜ் ஹாரிசன் அப்படி நடுவில் நிற்கிற ஆளே கிடையாது. ஓரமாக நின்று வாசித்துவிட்டுப் போகிறவர். அதனால் கிளாப்டனும் ஜெஃப் லின்னும் பாட்டைத் தட்டில் இருந்தபடியே கொடுத்தார்கள். பாடுகிறவர்கள் தங்கள் சொந்தக் குரலிலேயே பாடினார்கள், ஆனால் கிட்டாரின் அந்தச் சின்னச் சின்ன வழுக்கல்கள் ஸ்வரம் பிசகாமல் அங்கே இருந்தன. நல்ல பாட்டு கிடைத்தால் தன் கைவரிசையைக் காட்டத் துடிக்கிற கிட்டார்காரர்கள் அத்தனை பேர் ஒரே மேடையில் இருந்தும் இப்படி என்பதை நினைத்துப் பாருங்கள்.

பட்டியல் போட்டால் விடிந்துவிடும், எனக்கு முக்கியமானவை மட்டும்.

சாம் பிரவுன் பாடிய 'ஹார்ஸ் டு வாட்டர்' ஜார்ஜ் கடைசியாக ஒலிப்பதிவு செய்த பாட்டு, 2001 அக்டோபரில், சாவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்தப் பாட்டின் உரிமை நிறுவனப் பெயராக அவர் போட்டது 'ஆர்.ஐ.பி. மியூசிக் லிமிடெட் 2001'. ஆர்.ஐ.பி. என்பது 'அமைதியாக உறங்கட்டும்' என்று கல்லறையில் பொறிக்கிற ஆங்கிலச் சுருக்கம். தன் கல்லறைக்குத் தானே நகைச்சுவை எழுதிவிட்டுப் போன மனிதர். மான்டி பைத்தான் சரியான தேர்வு என்று எனக்கு உறுதியானது இதைப் படித்த பிறகுதான்.

ரிங்கோ வந்து பாடிய 'ஃபோட்டோகிராஃப்' 1970-களில் அவரும் ஜார்ஜும் சேர்ந்து எழுதியது. பிரிந்துபோன காதலியின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஏங்குகிற பாட்டு. இப்போது இதன் அர்த்தம் மாறிவிட்டது என்று ரிங்கோ சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்குகிறார், வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்து அவர் பாடிய 'ஹனி டோன்ட்' ஜார்ஜ் எழுதியதே இல்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். அது அமெரிக்கப் பாடகர் கார்ல் பெர்கின்ஸ் பாட்டு. 1960-ல் பீட்டில்ஸ் பையன்கள் ஸ்காட்லாந்தில் சுற்றுப்பயணம் போனபோது ஜார்ஜ் தனக்கு வைத்துக்கொண்ட மேடைப் பெயர் கார்ல் ஹாரிசன். இப்போது சரியாகப் போயிற்றா?

பால் ஒரு சின்ன உகுலேலேயோடு, அதாவது குட்டிக் கிட்டார் மாதிரி ஒரு வாத்தியத்தோடு, வந்தார். ஜார்ஜ் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் உகுலேலேக்கள் வெளியே வந்துவிடும் என்று சொல்லிவிட்டு 'சம்திங்' பாட்டை அதிலேயே டிங்டிங் என்று ஆரம்பிக்கிறார். அவ்வளவு பெரிய காதல் பாட்டு, விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு வாத்தியத்தில். சபையில் சிரிப்பு. பாதியில் முழுக் குழுவும் அந்தக் கிட்டார் சோலோவோடு உள்ளே நுழைகிறது, கிளாப்டன் குரல் சேர்கிறது, சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தொண்டை அடைக்கிறது. எனக்கு அடைத்தது.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது 'வா-வா' (ஆங்கிலத்தில் Wah-Wah). 1969 ஜனவரியில் ஒத்திகையில் பாலோடு உரசல், யாரும் தன்னை மதிக்கவில்லை என்ற கோபம், கிட்டாரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஜார்ஜ் எழுதிய பாட்டு அது. தலைவலி கொடுக்கிறீர்களே என்று சக பீட்டில்ஸ்காரர்களைத் திட்டுகிற பாட்டு. அதை 2002-ல் மேடை நிறைய ஆட்களோடு முழங்குகிறார்கள், அந்தக் கூட்டத்தில் பாலும் இருக்கிறார், ரிங்கோவும் இருக்கிறார். தன்னைத் திட்டி எழுதிய பாட்டைத் திட்டியவனுக்காகவே வாசிப்பது! குடும்பத்தில் சண்டை போட்டுப் பேசாமல் இருந்து, கடைசியில் சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து வேலை செய்கிற அண்ணன்களைப் பார்த்திருப்பீர்கள், அதே முகம்.

கிளாப்டன் கதை தெரிந்தவர்களுக்கு அவரும் அப்படித்தான். ஜார்ஜின் முதல் மனைவி பாட்டி பாய்டை (Pattie Boyd), அவர்கள் பிரிந்த பிறகு, 1979-ல் மணந்தவர் அவர். அந்த நட்பு எப்படித் தாங்கியது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. தாங்கியது, அவ்வளவுதான். 1968-ல் பீட்டில்ஸ் தட்டில் பெயர்கூடப் போடாமல் அவர் வாசித்துக் கொடுத்த 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' சோலோவை அன்று பாலின் பியானோவோடும் ரிங்கோவின் டிரம்ஸோடும் திரும்ப வாசித்தார். முடிவில் அவர் நாசூக்கெல்லாம் பார்க்கவில்லை, கிட்டாரைப் பிழிந்து எடுத்துவிட்டார். அந்த ஒரு இடத்தில் அடக்கம் போனது, போகட்டும்.

'மை ஸ்வீட் லார்ட்' பாடியது கீபோர்டு கலைஞர் பில்லி பிரெஸ்டன். இதையும் சும்மா கொடுக்கவில்லை. ஜார்ஜின் தட்டு வருவதற்கு முன்பே 1970-ல் அந்தப் பாட்டை முதலில் வெளியிட்டவர் பில்லிதான். சர்ச்சில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர் வாயில் ஹரே ராமா அவ்வளவு சொந்தமாக வருகிறது.

இத்தனைக்கும் நடுவில் வெள்ளைச் சட்டையில் ஒரு பையன் அக்கூஸ்டிக் கிட்டாரை வாசித்துக்கொண்டே நிற்கிறான். தானி, 24 வயது. பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா, த, நி என்ற ஸ்வரங்களிலிருந்து. அப்பாவின் அதே கண், அதே மூக்கு. தானி மேடையில் நிற்பதைப் பார்த்தால் ஜார்ஜ் அப்படியே இளமையாக இருந்துவிட்டு நாமெல்லாம் கிழவர்களாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்று ஒலிவியா சொன்னாராம், இதைச் சபையில் சொன்னது பால். நேரம் முழுக்க அந்தப் பையன் முன்னால் வந்து நிற்கவே இல்லை. ஒரு சோலோ கேட்டிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? கேட்கவில்லை. ஓரமாக நின்று வாசித்துவிட்டுப் போனான்.

பார்ப்பதாக இருந்தால் முழுக் கச்சேரி இருக்கிற டிவிடி தட்டையே பாருங்கள். திரையரங்குப் பதிப்பில் பேட்டியும் ஒத்திகையுமாக இடையில் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். ஃபார்வர்டு பொத்தானைத் தொடாதீர்கள், நான் பட்டது போதும். இன்னொன்று, இப்போது பார்க்கும்போது கனம் கூடியிருக்கிறது. பில்லி பிரெஸ்டன் 2006-ல் போனார், ரவி சங்கர் 2012-ல், அன்று 'டாக்ஸ்மேன்' பாடிய டாம் பெட்டி 2017-ல்.

கடைசிப் பாட்டு 1924-ல் வந்த ஒரு பழைய மெட்டு, 'ஐ'ல் சீ யூ இன் மை ட்ரீம்ஸ்'. பாடியது ஜோ பிரவுன், பீட்டில்ஸ் பேர் வாங்காத 1962-ல் இவருடைய ஹிட் பாட்டை ஜார்ஜ் பாடிக்கொண்டிருந்தார். கையில் மறுபடியும் உகுலேலே. மேடை நிறைய இருக்கிற பெரிய மனிதர்கள் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள், மேலே கூரையிலிருந்து ரோஜா இதழ்கள் விழ ஆரம்பித்தன, டிரம்ஸ் மேல், கிட்டார் மேல், தலை மேல், ஜோ பாட்டுக்குத் தன் உகுலேலேயை மீட்டிக்கொண்டிருந்தார்.