மழை நின்றதும் பால் பாதியாகிவிடுகிறது, தவிட்டைக் கூட்டலாமா?

கேள்வி: ஐந்து கறவை மாடுகள் மேய்ச்சலில் இருக்கின்றன. மழைக்காலத்தில் புல் இடுப்பளவு வளர்கிறது, பாலுக்கும் குறைவில்லை. மழை நின்று இரண்டு மாதத்தில் பால் பாதியாகிவிடுகிறது. வைக்கோல் தாராளமாகப் போடுகிறேன், தவிடும் வைக்கிறேன். ஆனாலும் மாடுகள் இளைக்கின்றன, சாணம் கெட்டியாக அடுக்கடுக்காக விழுகிறது. தவிட்டைக் கூட்டலாமா?

பதில்: தவிட்டைக் கூட்டுவது இரண்டாவது வேலை. கெட்டிச் சாணம் என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் புரதம் போதாத தீவனம் தின்னும் மாடுதான் அப்படிச் சாணம் போடும். அசைபோடும் மாட்டின் முதல் வயிறான அசையூண் வயிற்றில் நாரைச் செரிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை பெருகாது. தின்றது வயிற்றிலேயே தங்கிவிடும், மாடு அடுத்த வாய் எடுக்காது. வைக்கோலில் இருப்பதோ 3 அல்லது 4 சதவீதம்தான். முன்னால் மலை போல் குவித்து வைத்தாலும் அது பட்டினிதான்.

உடனே செய்யக்கூடியது, தழை கொடுப்பது. அகத்தி, கிளிரிசிடியா, சூபாபுல், வேலிமசால் எது கிடைத்தாலும் சரி. இவற்றின் இலையில் 20 சதவீதத்தை ஒட்டிப் புரதம் உண்டு. கிளிரிசிடியாவை முதலில் மாடு முகர்ந்து விட்டுப் போய்விடும். அரை நாள் வாடவிட்டு, மற்ற தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். சூபாபுல் மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் கெடுதல் செய்யும். தழையே இல்லையென்றால் தவிட்டில் ஒரு பகுதியைக் குறைத்துப் புண்ணாக்கு வையுங்கள்.

வைக்கோலையும் தேற்றலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் விடுங்கள். பிரித்ததும் சிறிது நேரம் ஆறவிட்டுப் போடவும். அளவில் விளையாடாதீர்கள். மிஞ்சிய கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு இது வேண்டாம்.

அப்புறம், அந்த இடுப்பளவு புல். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. வெப்பமண்டலப் புல் மழையில் சீக்கிரம் வளரும், அதே வேகத்தில் முற்றும். பூத்துவிட்டால் தண்டுதான் மிஞ்சும், புரதம் இறங்கிவிடும். கோடைக்கான தீவனம் உங்கள் கண் முன்னாலேயே வீணாகிறது. அடுத்த மழையில் மேய்ச்சல் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, நான்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் மேயவிடுங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் அடித்தூர் நிற்கட்டும். மாடு தின்று தீராத பகுதியைப் பூக்கும் முன்பே அறுத்து, சற்று வாடவிட்டு, நறுக்கி, காற்றே இல்லாமல் மிதித்து மூடி, புளிக்கவைத்துக் கோடைக்குச் சேமிக்கும் ஊறுகாய்ப்புல்லாகப் போட்டுவிடுங்கள். மழை நாளில் உலர்புல் செய்யப் பார்த்தால் பூஞ்சைதான் பிடிக்கும்.

முதல் மழையில் தளிர்க்கும் புல்லிலும் கவனம் தேவை. அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். வயிறு நிறையும், சத்துப் போதாது, கழிச்சலும் வரும். காலையில் கொஞ்சம் வைக்கோல் தின்ற பிறகு ஓட்டுங்கள்.

கோடை மேய்ச்சலை அதிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் நிழலும் தண்ணீரும் போதும். தாது உப்புக் கலவையை நிறுத்தாதீர்கள். காய்ந்த புல்லில் பாஸ்பரஸ் குறைவு, மாடு எலும்பைக் கடிக்கத் தொடங்கினால் அதுதான் காரணமாக இருக்கும். இதெல்லாம் செய்தபின் சாணம் இளகி, மாடு வைக்கோலை விரும்பித் தின்னத் தொடங்கியதும், பால் அதிகம் கறக்கும் மாட்டுக்கு மட்டும் தவிடு, புண்ணாக்கு போன்ற அடர் தீவனத்தைக் கூட்டுங்கள்.