ஸ்கூபா டைவிங்: எந்த மிதவைப் பையை வாங்குவது, எப்படி எடுத்துச் செல்வது?

நீருக்கடியில் காற்று நிரப்பி மேலே விட்டு, நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டுவதுதான் மிதவைப் பை. அதில் சின்னப் பை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற பைதான் படகோட்டியின் கண்ணில் படும். குறைந்தது 1.2 மீட்டர் நீளம், ஆரஞ்சு நிறம் பாருங்கள். அடிவாய் திறந்த பை மேலே போய்ச் சாய்ந்தால் காற்றை விட்டுவிடும். மூடிய வகையே நல்லது, அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் இருக்க வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் நிரப்பிய காற்று மேலே வந்ததும் இரண்டு மடங்காகிவிடும். அங்கே பாதி நிரப்பினாலே சரி.

பையை இறுக்கிச் சுருட்டி, அதன் நூல் சுற்றிய உருளையான ஸ்பூலோடு தொடைப் பாக்கெட்டில் வையுங்கள். வெளியே தொங்கினால் பவளப்பாறையில் மாட்டும். அப்புறம், பையை மேலே விடும்போது ஸ்பூலை உடம்போடு மாட்டவே கூடாது. நூல் சிக்கினால் பை உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். கையில் இருந்தால் சட்டென்று விட்டுவிடலாம்.