சாவியைக் கொடுக்கும் முன் வீட்டைப் படமெடுங்கள்

கேள்வி: சென்னையில் மூன்று ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டை அடுத்த வாரம் காலி செய்கிறோம். பெயிண்டுக்கும் குளியலறையில் உடைந்த டைல்ஸுக்கும் சேர்த்து அட்வான்ஸில் 45,000 ரூபாய் பிடிப்பதாக வீட்டுக்காரர் சொல்கிறார். டைல்ஸ் நாங்கள் வரும்போதே விரிசல் விட்டிருந்தது. ஆனால் அப்போது அதைப் படம் எடுத்து வைக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: சாவி இன்னும் உங்களிடம் இருக்கிறது. அது உங்கள் கையில் இருக்கும்வரை வழியுண்டு.

பெயிண்ட் விஷயத்தில் முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல் பெயிண்டும் உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர் திறக்கும் குழாய் (டாப்), ஸ்விட்ச், பூட்டு போன்றவற்றின் பழுது உங்கள் பொறுப்பு. ஆனால் 'காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அதை மறுப்பது கடினம். அப்படி எழுதவில்லை என்றால், புழக்கத்தில் மங்கிய சுவருக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை.

டைல்ஸ்தான் சிக்கல். 'வீடு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது' என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். யாரும் படிக்காமல் கையெழுத்திடும் அந்த வரிதான் பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும். அதை எதிர்கொள்ளப் பழைய சான்றைத் தேடுங்கள்: பால் காய்ச்சிய அன்று எடுத்த படங்கள், வாடகை விளம்பரத்தில் வந்த படங்கள், விரிசலைப் பற்றி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. கிடைத்தால் மூலக் கோப்பையே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில், எடுத்த தேதி போன்ற உள்விவரங்கள் பொதுவாக அழிந்துவிடும். வழக்கு என்று வந்தால், இத்தகைய மின்னணுச் சான்றுகளுக்கு 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். அதனால் படம் எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள்.

சாமான்களை ஏற்றிய பிறகு, வீடு காலியாக இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். பீரோ மறைத்த சுவரில்தான் ஆணி ஓட்டையும் ஓதமும் தெரியும். ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஃப்ளஷ் அழுத்தி, ஃபேன், லைட், கீசரைப் போட்டுக் காட்டுங்கள். விரிசலின் அருகே ஸ்கேல் வைத்துத் தனிப்படம் எடுங்கள். இபி மீட்டர் ரீடிங்கையும் படமெடுங்கள்.

பிறகு வீட்டுக்காரரை அழைத்துச் சேர்ந்து பாருங்கள். ஃபேன் எத்தனை, சாவி எத்தனை, எந்த டைல்ஸில் விரிசல் என்று இரண்டு பிரதிகள் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே சாவியைக் கொடுங்கள். அவர் கையெழுத்திட மறுத்தால் பட்டியலையும் வீடியோவையும் அன்றே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸை அவர் திருப்பித் தர வேண்டும். பிடித்தத்துக்கு பில் கேளுங்கள். தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம்.